ரேடியேட்டரில் விளைந்த திருநீறு

சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வெயில் தலைக்கு நேரே நின்றது. கல்லுடைக்கும் மலைகளிலிருந்து வரும் லாரிகள் பக்கத்தில் கடக்கும்போதெல்லாம் வெள்ளைத் தூசி எழுந்து என் மேல் படிந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு. கால்சட்டைப் பையில் ஒரு ரேடியேட்டர் மூடி. நடக்க நடக்க அது தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சாதாரண மூடிதான். மேலிருந்து பார்த்தால் எந்தக் காரிலும் இருப்பதைப்போல் இருக்கும். திருப்பிப் பார்த்தால் ரப்பர் வளையத்தைச் சுற்றியும் ஸ்பிரிங்கின் இடுக்குகளிலும் வெள்ளையாக ஒரு பொருக்கு, கல்லாக இறுகியிருக்கும். என் அக்காவின் கணவரை, நான் அத்தான் என்று கூப்பிட்டுவந்த மனிதரை விட்டுப் புறப்பட்டபோது, அவருடைய பட்டறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அவரைப் பற்றி நல்லதாக எதையும் நான் எழுதப்போவதில்லை. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை. அத்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார். பட்டறை இருக்கிறது. அதன் பின்னால் சுண்ணாம்பு மலையும், மலையடியில் குகையும், குகையில் சொட்டும் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன. போன மாதம் காரில் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். வாசலில் பானெட்டைத் திறந்தபடி கார்கள் வரிசையாக நின்றன.

நான் பிறந்தது செமோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டப்போகிறோம் என்று சொல்லி நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது நான் இரண்டாம் படிவத்தில் இருந்தேன். அதோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. அதன்பிறகு பாகான் செராயில் நெல் மூட்டை ஏற்றினேன், பெட்ரோல் நிலையத்தில் நின்றேன், டயர் கடையில் இருந்தேன், கோழிப் பண்ணையில் இருந்தேன். ஓரிடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை, என் சுபாவம் அப்படி. முப்பது வயதுக்கு மேல், வேலை எதுவும் இல்லாத ஒரு நேரத்தில், அக்கா கூப்பிட்டாள் என்பதற்காக அத்தானின் பட்டறைக்கு வந்தேன். கருவிகள் வைக்கும் அறையின் மூலையில் படுக்கை. மூன்று வேளையும் அக்கா சமைத்த சோறு. அதற்கு முன்னால் நான் இருந்த இடங்களோடு ஒப்பிட்டால் அது வசதிதான்.

அத்தானுக்கு மூன்று விதமான வாய் இருந்தது. மலாய்க்காரர்கள் வந்தால் மரியாதையான மலாயில் குழைவார். உதிரிப்பாகம் கொண்டுவரும் சீனரோடு கந்தோனிய மொழியில் கேலி பேசிச் சிரிப்பார். நம் ஆள் ஒருவர் வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "காடிக்கு ஒண்ணும் இல்லலா. ஓட்டுறவன்தான் ரொசாக். நீ பேசாம பஸ்ல போ" என்பார். காடி என்றால் கார், ரொசாக் என்றால் பழுது. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்கியவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த முறையும் அங்கேயே வருவார். திட்டுகிற மெக்கானிக்தான் தொழில் தெரிந்தவர் என்று நம் ஆட்களுக்கு ஏனோ ஒரு நம்பிக்கை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் வாய்க்குப் பழகிய குடும்பங்கள் நாங்கள். வசை இல்லாத இடத்தில் எங்களுக்கு வேலை நடப்பதாகவே தோன்றாது.

அவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும். என் கோபத்துக்கு அடிப்படையே அதுதான். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டால், எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். புகையின் நிறத்தைப் பார்த்து எண்ணெய் எரிகிறதா, தண்ணீர் எரிகிறதா என்று சொல்வார். காரைச் சூடாக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களை அவர் திட்டும் திட்டு எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "சூடா இருக்கிற எஞ்சின்ல குளுந்த தண்ணி ஊத்தாதேன்னு எத்தன வாட்டி சொல்றது? கொதிக்கிற கிளாஸ்ல ஐஸப் போட்டா என்னாவும்? அதான் ஆவும் உன் காடி மண்டைக்கு. ஓரமா நிப்பாட்டு, பானெட்டத் தொற, ஒரு தே குடி, ஆறட்டும். மூடியத் தொட்டுப் பாரு. கை தாங்குச்சின்னா அப்புறம் தொற." இதைச் சொல்லாத நாளே கிடையாது. இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மறந்துவிட வேண்டாம்.

பட்டறைக்குப் பின்னால், மலையடியில் இருந்த குகையில் முனீஸ்வரர் நின்றார். அரிவாள், சுருட்டு, எலுமிச்சை மாலை எல்லாம் இருந்தன. குகையின் கூரையிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் சொட்டி ஒரு சிமெண்டுத் தொட்டியில் நிறையும். ஐஸ்போல் குளிர்ந்த தண்ணீர். அந்தத் தொட்டியிலிருந்துதான் பட்டறைக்கும் வீட்டுக்கும் குழாய் போட்டிருந்தார்கள். புதுக் கார் வாங்கியவர்கள், விபத்திலிருந்து தப்பியவர்கள் எல்லோரும் அங்கே பூசை போட வருவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவது எல்லாக் கோயில்களிலும் உண்டு. அத்தான் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார். பூசை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, பித்தளைச் செம்பில் குகைத் தண்ணீரை எடுத்து ரேடியேட்டருக்குள் ஊற்றுவார். "மனுசனுக்கு மட்டும் தீர்த்தமா? எஞ்சினுக்கும் குடு" என்பார். அதன்பிறகு அந்தக் கார்களுக்குத் தண்ணீர் குறையும்போதெல்லாம் அவர்கள் அங்கேதான் வந்து ஊற்றிக்கொள்வார்கள். போத்தலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் இருந்தார்கள்.

அக்காவிடம் ஒரு சின்ன கார் இருந்தது. மூன்று சிலிண்டர், பழையது, வெளுத்துப்போன நீலம். கையுறைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்து வாங்கியது. வீட்டில் அவள் பெயரில் இருந்த ஒரே பொருள் அதுதான். தொழிற்சாலையை விட்டபின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, வாரத்தில் சில நாள் கேமரன் மலைக்கு ஏறி, கோசும் தக்காளியும் கீரையும் வாங்கிவந்து ஈப்போவில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அவளிடம் முதலில் வாங்கியவர் பட்டறைக்கு எதிர்ப்புறம் கடை வைத்திருந்த பாய். கார் ஓடினால் அக்காவுக்குத் தொழில் உண்டு. கார் நின்றால் அவள் பட்டறை வாசலில் வாடிக்கையாளர்களுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தான் விரும்பியது இரண்டாவதை. அதை அவர் மறைத்ததே இல்லை. "மேல போய் கோசு வாங்குறா. இன்னும் கொஞ்சம் மேல போனா என் தலையில ஏறி ஒக்காந்துருவா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

சில மாதங்களில் காரில் கோளாறு தெரிந்தது. சமவெளியில் ஓடும்போது ஒன்றும் இருக்காது. மலையேற்றத்தில் பாதி தூரம் போனதும் சூடு காட்டும் முள் மெதுவாக மேலே நகரும். அக்கா ஏர்கண்டிஷனை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறவைத்து, பிறகு ஏறுவாள். அத்தானிடம் சொன்னாள். அவர் எதையும் சோதிக்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சின்ன வால்வு அது. அதைக் கழற்றினால் சமவெளியில் முள் இன்னும் தாழ்ந்து நிற்கும். நோய் போய்விட்டது போலத் தெரியும். நோய் எங்கேயும் போயிருக்காது. மலையில் முள் பழையபடி ஏறியது. "காலு க்ளட்ச்சுலயே இருந்தா ஏறத்தான் செய்யும். பொம்பள ஓட்டுற லட்சணம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு செம்பு குகைத் தண்ணீரை ஊற்றினார்.

ஒருநாள் அக்கா மலையிலிருந்து திரும்பி வந்ததும் ரேடியேட்டரின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தேன். மேல்பகுதியில் கை வைக்க முடியவில்லை. கீழ்ப்பகுதி வெதுவெதுப்பாகக்கூட இல்லை. காற்றாடி சுற்றியது, பெல்ட் சரியாக இருந்தது, தண்ணீரும் நிறைய இருந்தது. அப்படியென்றால் சூடான தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. உள்ளே எங்கேயோ அடைப்பு. எதனால் என்று எனக்குப் பிடிபடவில்லை. தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று வீட்டுக்குள் போனேன். அடுப்பங்கரையில் அக்கா தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் உதிர்ந்தன.

"என்னக்கா அது?"

"மலைத் தண்ணிடா. கொதிக்கக் கொதிக்கக் கல்லு கட்டும். வாரா வாரம் சொரண்டலன்னா கேத்தல் சூடே ஆவாது."

தேத்தண்ணீரை மறந்துவிட்டேன். காரிடம் போய், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து திருப்பினேன். கேத்தலுக்குள் இருந்த அதே வெள்ளை. டார்ச் அடித்துப் பார்த்தால் ரேடியேட்டரின் குழாய் வாய்கள் எல்லாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியதுபோல் மூடிக்கிடந்தன. அந்த வட்டாரத்தில் எல்லோர் வீட்டிலும் கேத்தல் உண்டு. எல்லோரும் அதைச் சுரண்டியவர்கள்தான். ஆனால் கேத்தலில் கல் கட்டும் தண்ணீர், நாளெல்லாம் கொதிக்கும் எஞ்சினிலும் கல் கட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி தண்ணீரை யாரும் தண்ணீராகப் பார்க்கவில்லை.

மூடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். அவரைச் சுற்றி நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அத்தான், குகைத் தண்ணிதான் அடைக்குது. பாருங்க, எல்லாம் சுண்ணாம்பு."

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அடுத்த கணம் என் கையிலிருந்த பொடியைத் தொட்டு, கட்டைவிரலால் நசுக்கி, தன் நெற்றியில் நீளமாகப் பூசிக்கொண்டார்.

"சுண்ணாம்பாம். பாத்தீங்களாலா என் மச்சான் படிப்ப? இது திருநீறுடா. சாமி எஞ்சின்ல எறங்கியிருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அதைக் கேலி என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒருவர் கையை நீட்டினார். "கொஞ்சம் குடுங்க தம்பி." இன்னொருவரும் நீட்டினார். என் உள்ளங்கையிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்டார்கள். அத்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வியாபாரி புதுச் சரக்கைப் பார்க்கும் பார்வை அது.

அதற்குப்பின் நடந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கார் கொண்டுவந்தவர்கள் முதலில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். வெள்ளை அதிகமாக இருந்தால் அருள் அதிகம். வெள்ளை படியாத காருக்கு இன்னும் இரண்டு செம்பு ஊற்றச் சொன்னார்கள். ஒருவர் பக்கத்துக் காரின் மூடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நானே கண்டேன். எஞ்சின் தனக்கு வரும் நோயை முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறது. முள்ளால் சொல்கிறது, வாசனையால் சொல்கிறது, மூடியின் உள்பக்கத்தில் எழுதியே காட்டுகிறது. அந்த எழுத்தையே எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டவர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிறகு கார்கள் வழியில் நின்றன. நின்ற கார்களை இழுத்துக்கொண்டு அத்தானிடமே வந்தார்கள். அவர் திட்டிவிட்டுப் பழுதுபார்த்தார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கேத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "முனீஸ்வரர் கேத்தல்லயும் எறங்குறாரா? தெனம் நான் சொரண்டி வெளியில வீசுறேனே, அந்தப் பாவத்த எங்க போய் கழிக்கிறது?" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அத்தான் உதிரிப்பாகம் வாங்கப் போயிருந்த ஒரு நாள் காரைப் பாய் கடையின் பின்புறம் கொண்டுபோனோம். தண்ணீரை வடித்தேன். கேத்தல் கழுவ அக்கா வைத்திருந்த புளிப்புத் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தேன். அரிசி கழுவிய தண்ணீர்போல் வந்தது. தெளிவாக வரும்வரை கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீரால் அலசினேன். கடைசியில் எஞ்சினுக்கென்றே விற்கும் பச்சை நிறக் கூலண்டை ஊற்றினேன். துரு பிடிக்காமலும் கல் கட்டாமலும் காப்பது அதுதான். புது மூடி போட்டேன். பழைய மூடியை அக்கா ஒரு துணியில் சுற்றிக் காரின் முன்பெட்டிக்குள் வைத்தாள். "இருக்கட்டும்டா. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்" என்றாள். தெர்மோஸ்டாட்டுக்கு ஈப்போ கடையில் சொல்லிவைத்திருந்தேன், அப்போது வந்திருக்கவில்லை. அது இல்லாமலே கார் மலை ஏறியது. முள் நடுவை விட்டு அசையவில்லை. பாய் அவளிடம் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினார். அவருடைய சொந்தக்காரர் கடைக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். அக்கா நடக்கும் நடையே மாறியிருந்தது.

வருடாந்திர வாகனப் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையிலிருந்தே கார்கள் வரிசையில் நின்றன. முதல் பூசை அத்தானின் பிக்கப் வண்டிக்கு. மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, குகைத் தண்ணீரை எடுத்து அதன் பானெட் மேல் தெளித்தார். பானெட்டைத் திறக்கவில்லை. அது என் கண்ணில் பட்டது, ஆனால் அப்போது யோசிக்கவில்லை. பாய் தன் வேனின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மலையிலிருந்து நேராக வந்து நின்றாள். பின்னால் கூரைவரை கோசும் தக்காளியும்.

"கொண்டா காடிய" என்றார் அத்தான்.

"இப்பத்தான் எறங்குறேன். சூடா இருக்குங்க. சாமான எறக்கிட்டு வாரேன்" என்றாள் அக்கா.

அவர் கேட்கவில்லை. ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு அமுக்கித் திறந்தார். ஆவி சீறியது. அடங்கியதும் குனிந்து பார்த்தார். புது மூடி. பச்சைத் தண்ணீர்.

"எவன் ஊத்துனது இத?"

"நான்தான் அத்தான்" என்றேன்.

அவர் என்னிடம் பேசவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "கேட்டீங்களாலா? தீர்த்தத்த ஓடையில ஊத்திட்டு கடையில விக்கிற வெஷத்த ஊத்தியிருக்கான். சாமி மேல நம்பிக்கை கெடையாது. சாயத் தண்ணி மேல நம்பிக்கை."

இடுக்கியை எடுத்துக் கீழே இருந்த ரப்பர் குழாயின் பிடியைக் கழற்றினார். பச்சைத் தண்ணீர் ஆவி பறக்கத் தரையில் கொட்டியது. குழாயை மறுபடி மாட்டிவிட்டு வாளியில் குகைத் தண்ணீரை எடுத்தார். பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அண்ணே, அண்ணே, சூடுலா. ஆறட்டும் அண்ணே."

"ஊத்தாதீங்க அத்தான்! நீங்கதானே சொல்வீங்க, கொதிக்கிற கிளாஸ்ல ஐஸப் போட்ட மாதிரின்னு" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தபடியே ஊற்றினார். இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். வாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீரைத் தடுத்து நிறுத்த தெர்மோஸ்டாட் இல்லை, அதையும் கழற்றி வீசியவர் அவர்தான். குளிர்ந்த தண்ணீர் நேராக எஞ்சினின் மண்டைக்குப் போனது. உள்ளே சொர்ரென்று ஒரு சத்தம். பிறகு கண்ணாடி விரிசல் விடுவதுபோல் சின்னதாக ஒரு 'டிக்'. அக்காவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் அதைப் பிடுங்கி, தானே உட்கார்ந்து முடுக்கினார். புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை மேகமாக வந்தது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. கார் காய்ச்சல்காரனைப்போல் நடுங்கி நின்றுவிட்டது. எஞ்சினின் மண்டையான சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது என்பதைச் சொல்ல அங்கே மெக்கானிக் தேவைப்படவில்லை.

"பாத்தீங்களா, வெஷம் செஞ்ச வேலைய" என்றார் அத்தான்.

முன்பெட்டியிலிருந்து பழைய மூடியை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். இது சுண்ணாம்பு, உங்கள் கார்களிலும் இதுதான் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கேத்தலைப் போய்ப் பாருங்கள் என்றேன். அத்தான் என் கையைத் தட்டிவிட்டார். மூடி சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடியது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மாலை போட்ட பிக்கப் எனக்கு நேர் எதிரே நிற்பது தெரிந்தது. காலையில் பானெட்டைத் திறக்காதது நினைவுக்கு வந்தது. போய்த் திறந்தேன். பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில், வெளியிலிருந்தே தெரியும்படி, பளிச்சென்று பச்சை நிறம்.

"பாய், இங்க வந்து பாருங்க."

பாய் வந்து பார்த்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். "அலாமாக்! உங்க காடிக்கும் வெஷம்தானாண்ணே?" என்றார் பாய்.

அத்தான் வாயடைத்து நின்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "அது டீசல் காடிலா. அதுக்குத் தீர்த்தம் ஆவாது, சாமியே உத்தரவு குடுக்கல" என்றார், உடனே, தடுமாறாமல். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா, டீசல்னா வேறதான்" என்று ஒருவர் சொன்னார். அதோடு முடிந்தது. வரிசையில் அடுத்து நின்ற காரின் சொந்தக்காரர் மெல்லப் போய்த் தன் பானெட்டைத் திறந்துவைத்தார்.

அக்கா பிக்கப்புக்குள் இருந்த பச்சையைப் பார்த்துவிட்டாள். தன் காரின் பின்கதவைத் திறந்து கோசுப் பெட்டியை இறக்கினாள். "பாய், வெயில்ல வாடிரும். உங்க வேன்ல ஏத்திக்கலாமா?" "ஏத்துங்கக்கா" என்று அவரே ஒரு பெட்டியைத் தூக்கினார். நானும் தூக்கப் போனேன். அத்தான், "இவன் இனிமே இங்க இருக்கக் கூடாது" என்றார். அக்கா பெட்டியைக் கையில் வைத்தபடியே என்னிடம் வந்தாள்.

"போயிரு தம்பி. சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்ல முடியல இன்னிக்கு."

பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சாலைக்கு வந்தபிறகும் குகையின் மணிச்சத்தம் கேட்டது. அடுத்த காருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் தெரிந்தேதான் செய்தார் என்பது என் முடிவு. நிரூபிக்க முடியாது. கோபத்தில் நிதானம் தவறிவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளெல்லாம் பிறருக்குச் சொன்ன ஒன்றை மனிதன் அத்தனை எளிதாக மறப்பதில்லை. அக்காவின் கார் நின்றுபோக வேண்டும், அது சாமி பெயரால் நிற்க வேண்டும், பழி என் தலையில் விழ வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் மூன்றும் நடந்தன. வேலை தெரியாதவர் கெடுத்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அக்கா சில வாரம் லாரிக்காரர்களிடம் கெஞ்சிச் சரக்கு இறக்கிப் பார்த்தாள். நிலைக்கவில்லை. தேத்தண்ணீர் கலக்கவும் அவள் போகவில்லை. கையுறைத் தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டாள். அவளுடைய கார் பட்டறையின் பின்புறம் செடி மூடிக் கிடக்கிறது, அத்தான் அதற்குள் பழைய டயர்களை அடுக்கியிருக்கிறார். தொழிற்சாலைப் பேருந்தில் போகும்போது எனக்குப் போன் செய்வாள். சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள். அத்தானைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். போன வாரம் பேசி முடிக்கும்போது, "அந்த மூடிய வச்சிருக்கியா?" என்றாள். இருக்கிறது என்றேன். "வீசிடாத" என்றாள்.

இப்போது எனக்கும் அதேபோல ஒரு சின்ன கார் உண்டு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணீரின் அளவையும் நிறத்தையும் பார்ப்பேன். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடைபோல் ஏதும் படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தரையில் ஈரம் இருக்கிறதா என்று குனிவேன். ஒரு தே குடிக்கும் நேரம்கூட ஆகாது. பழைய மூடி டேஷ்போர்டின் மேல் கிடக்கிறது. ஏறுகிறவர்கள் என்ன அது என்று கேட்டால் திருப்பிக் காட்டுவேன்.

அன்று நடந்தே ஈப்போ எல்லைக்கு வந்து, தெரிந்தவர் ஒருவரின் கடை வராந்தாவில் படுத்தேன். மறுநாள் காலை, மலையை உடைத்து வெள்ளைத் தூளாக அரைத்து மூட்டை கட்டும் ஆலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நின்ற மண்டோர் நம் ஆள். புருவம், மீசை, நெற்றி எல்லாம் வெள்ளை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த எல்லோருடைய நெற்றியிலும் அதே வெள்ளை. வியர்வை இறங்கும்போது புறங்கையால் வழித்துத் தரையில் உதறிவிட்டு மூட்டையைத் தூக்கினார்கள்.

"என்ன வேல தெரியும்?" என்றார் மண்டோர்.

"லாரிக்குத் தண்ணி, எண்ணெய் பாப்பேன்."

"சரி, அந்தா ஹோஸ் கெடக்கு. ஏத்தத்துக்குப் போற லாரிக்கெல்லாம் தண்ணி ஊத்து."

"எங்கேருந்து வர்ற தண்ணி?"

"மலையிலேருந்துதான். வேற எங்கேருந்து வரும்?"

பையிலிருந்து மூடியை எடுத்து, திருப்பி, அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஒருமுறை சுரண்டினார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்புலா இது. யார் காடி?"

"எங்க அக்கா காடி."

"செத்துருச்சா?"

"செத்துருச்சி."

மூடியைத் திருப்பிக் கொடுத்தார். லாரிகளை ஒருமுறை பார்த்தார். "ஹோஸ விடு. ஸ்டோர்ல பச்சக் கலர் கூலண்டு டின்னு இருக்கு, எடுத்துட்டு வா" என்றார்.

ஸ்டோருக்குப் போனேன்.